காக்கையை நின்று பார்த்தவர்

படையல் வைத்தால் கூப்பிடுவோம், மொட்டை மாடியில் வடாம் காய்ந்தால் விரட்டுவோம். இந்த இரண்டுக்கும் அப்பால் காக்கையை நின்று பார்க்கிறவர்கள் அபூர்வம். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லக்ஷ்மண் அந்த அபூர்வங்களில் ஒருவர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசியல்வாதிகளை வரைந்து சம்பளம் வாங்கிய அந்த மனிதர், யாரும் கேட்காமல் ஆசைக்காகத் திரும்பத் திரும்ப வரைந்தது காக்கைகளை.

மைசூரில் 1921-ல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் லக்ஷ்மண். அப்பா தலைமையாசிரியர், அண்ணன் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண். சிறுவயதில் எதையெல்லாம் வரைந்தார் என்று தன்வரலாற்றில் சொல்கிறார்: ஜன்னலுக்கு வெளியே கிடந்த காய்ந்த சுள்ளிகள், இலைகள், பல்லி மாதிரி ஊரும் பிராணிகள், விறகு பிளக்கும் வேலையாள், எதிர்க் கட்டடங்களின் கூரையில் விதவிதமாக உட்கார்ந்திருந்த காக்கைகள். பள்ளியில் அவர் வரைந்த ஓர் அரச இலையை ஆசிரியர் பாராட்டியிருக்கிறார். தான் ஓவியன்தான் என்ற நம்பிக்கை அன்றைக்கு வந்ததாம். ஒரே ஓர் இலை!

பின்னாளில் பம்பாயின் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு அவர் விண்ணப்பித்தபோது, சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத் திறமை இல்லை என்று பதில் வந்தது. மைசூர் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. படித்தார். கைப்பழக்கத்துக்கு வீதியும் ஜன்னலும் போதுமானதாக இருந்தன. 1947-ல் அதே பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வேலைக்குச் சேர்ந்தார். 1951-லிருந்து அதன் முதல் பக்கத்தில் ‘யூ செட் இட்’ என்ற பெட்டிச் சித்திரம் வரத் தொடங்கியது.

தினமும் ஒரு படம் என்பது சாதாரண வேலையில்லை. உத்வேகம் வரும் வரைக்கும் அச்சு இயந்திரம் காத்திருக்காது. காலையில் பத்திரிகைகளை மேய்ந்து, மணிக்கணக்கில் யோசித்துத்தான் அன்றைய படத்துக்கான கருவைப் பிடிப்பார் லக்ஷ்மண். கரு கிடைத்த பிறகு கை எங்கே போகும்? ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கும் சரக்குக்குத்தான். ஒழுகும் கூரை, பல்லாங்குழி மாதிரி சாலை, கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால் தூங்கும் குமாஸ்தா, மந்திரியின் தொப்பை, அதற்கு முன்னால் வளைந்து நிற்கும் முதுகுகள். இவற்றையெல்லாம் மாலை நெருங்கும் நேரத்தில் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது.

அவருடைய ‘சாமானியன்’ என்ற பாத்திரம் பிறந்ததே இந்தத் தினசரி நெருக்கடியில்தான். தொடக்கத்தில் பல மாநிலத்து மக்களையும் கூட்டமாக வரைந்துகொண்டிருந்தார். அத்தனை பேரையும் தினம் வரைய நேரம் போதவில்லை. ஒவ்வொருவராகக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் மிஞ்சியவர், கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக நிற்கும் அந்தப் பெரியவர். அவர் பேசவே மாட்டார். எல்லாவற்றையும் பார்ப்பார், அவ்வளவுதான்.

காக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு காக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் தெரியும். அது முழுக் கறுப்பு அல்ல. நம் ஊர்க் காக்கைக்குக் கழுத்தில் சாம்பல் பூத்திருக்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் எதையும் தலையைச் சாய்த்துத்தான் பார்க்கும். சோற்றை நோக்கி நேராக வராது. எதுவும் தெரியாத மாதிரி இரண்டு தத்து, பிறகு பக்கவாட்டில் ஒரு தத்து, சட்டென்று ஒரு கொத்து. தேர்தல் நேரத்துத் தலைவர்களை வரைகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமா? ஆனால் பயிற்சி என்று நினைத்து அவர் பார்க்கவில்லை. பிடித்திருந்தது, பார்த்தார். பயன் கருதாத இந்தச் சந்தோஷம்தான் கலைஞனின் உண்மையான மூலதனம்.

வீட்டிலும் கண்ணில் பட்டதுதான் கலைக்குச் சரக்கானது. தெருப் பையன்களைச் சேர்த்து லக்ஷ்மண் நடத்திய கிரிக்கெட் அணியின் கூத்துகள் அண்ணன் நாராயணின் சிறுகதைகளுக்குள் போயின. அந்தக் கதைகளுக்குத் தம்பியே படமும் போட்டார். யார் யாரிடமிருந்து எடுத்தது என்று பிரிப்பது கஷ்டம்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி கோபுலு. தஞ்சாவூரில் 1924-ல் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனுக்கு வந்தவர். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் வரைந்த நாகஸ்வரக்காரர்களையும் தவில்காரர்களையும் பார்த்தால், காவிரிக்கரைக் கச்சேரிகளில் உட்கார்ந்து பழகிய கண் என்று உடனே தெரிந்துவிடும். வசனமே இல்லாத அவருடைய நகைச்சுவைப் படங்களில் ஒரு மாமியின் நடையே விஷயத்தைச் சொல்லிவிடும். முதுமையில் வாதம் தாக்கி வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகினார். லக்ஷ்மணும் அவரும் மறைந்தது ஒரே ஆண்டில், 2015-ல்.

இப்படிப்பட்ட கண்களை வளர்க்கும் வேலையை நம் பள்ளிகள் செய்கின்றனவா? பல இடங்களில் ஓவிய வகுப்பே கணக்கு ஆசிரியரிடம் கடனாகப் போய்விடுகிறது. தப்பிப் பிழைக்கும் வகுப்புகளில் நடப்பது வேறு கதை. மலையே கண்ணில் படாத திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளையும் இரண்டு முக்கோண மலை, நடுவில் உதிக்கும் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஓட்டு வீடு என்றுதான் வரைகிறது. சுற்றிலும் கிடக்கும் வயலும் வாய்க்காலும் கொக்கும் தாளில் ஏறுவதே இல்லை. போட்டி என்றால் தலைப்பை மேலிருந்து கொடுத்துவிடுவார்கள்: மழைநீர் சேகரிப்பு, போதை ஒழிப்பு. நல்ல விஷயங்கள்தான். ஆனால் பூமிப்பந்தைத் தாங்கும் இரண்டு கைகளைப் பிள்ளைகள் பார்த்தது முந்தைய ஆண்டு பரிசு வாங்கிய படத்தில்தான்.

ஒரு மாற்றத்தைச் செலவில்லாமல் செய்யலாம். மாதம் ஒரு வகுப்பாவது ‘ஜன்னலுக்கு வெளியே தெரிவதை வரை’ என்று சொல்லித் தாளைக் கொடுத்துவிடலாம். ஒரு பிள்ளை தண்ணீர்த் தொட்டியை வரையும்; இன்னொன்று எதிர்க்கடைப் பரோட்டா மாஸ்டரின் கையை வரையும்; மூன்றாவது, மதிய உணவுத் தட்டைக் குறிவைத்து மதில்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கையை. எதற்கு முதல் பரிசு என்று நடுவர்கள் திணறுவார்கள் என்றால், பரிசே இல்லாமல் நடத்தினால் இன்னும் நல்லது.