பசை வேண்டாம், ஸ்க்ரூ போடு

சென்னை ரிச்சி தெருவிலும் ஊருக்கு ஊர் இருக்கிற மொபைல் சர்வீஸ் கடைகளிலும் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவர்களும், அவர்களிடம் பொருளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்கள் வழக்கு இயர்பட்ஸின் மேல் இல்லை. அதன் சார்ஜிங் கேஸின் மேல். பட்ஸ் இரண்டும் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும். கேஸில் சார்ஜ் நிற்காது, டைப்-சி போர்ட் ஆடும், வியர்வை பட்டு உள்ளே பின்களில் களிம்பு ஏறியிருக்கும், மூடியின் கீல் உடைந்திருக்கும். கேஸ் போனால் பட்ஸும் குப்பைக்குத்தான்.

பசையால் ஒட்டிய கேஸைப் பிரிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். ஹீட் கன்னால் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டு நெம்ப வேண்டும். ஒரு நூல் ஆழமாகப் போனாலும் லித்தியம் பேட்டரி குத்துப்பட்டுப் புகையும். தப்பித்துத் திறந்தாலும் விளிம்பு பிசிறிவிடும். வேறு பேட்டரி வைத்து, பசை தடவி, ரப்பர் பேண்டு கட்டிக் காயவைத்துக் கொடுக்கிறோம். இவ்வளவுக்கும் கூலி போட்டால் மலிவான புது ஜோடியின் விலையை நெருங்குகிறது. “விடுங்கண்ணே, புதுசே வாங்கிக்கிறேன்” என்கிறார் வந்தவர். அவரைக் குறை சொல்லி என்ன?

காதுக்குள் நுழைகிற பொருளில் ஸ்க்ரூவுக்கு இடமில்லை என்பது கம்பெனிகளின் சமாதானம். கேஸ் காதுக்குள்ளா போகிறது? பட்ஸுக்கேகூட அந்தச் சமாதானம் செல்லாது. 2024-இல் நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் வெளியிட்ட ஃபேர்பட்ஸில் கேஸின் பேட்டரி, பட்ஸின் பேட்டரி இரண்டையும் வீட்டிலேயே மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் இத்தகைய பொருள்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்ற முடிய வேண்டும் என்பது சட்டம். (விலக்குகளும் உண்டு, எந்தக் கம்பெனி எந்தச் சந்தில் நுழைகிறது என்று பார்க்கத்தான் போகிறோம்.) நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. தளம் இருக்கிறது, கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை.

அந்தச் சட்டம் வேண்டும். கேஸை ஸ்க்ரூவால் மூட வேண்டும். பேட்டரி, சால்டர் இல்லாமல் சொருகிக் கழற்றும் கனெக்டரில் இருக்க வேண்டும். பேட்டரியும் போர்ட்டும் கீலும் எந்தக் கடைக்காரர் கேட்டாலும் தனித்தனியாகக் கிடைக்க வேண்டும். அவற்றின் விலை, பொருளின் பெட்டிமேலேயே அச்சாக வேண்டும்.

எங்கள் பங்குக்கு, திறக்க முடிகிற மாடல் எது, முடியாதது எது என்று எழுதிக் கடை வாசலில் தொங்கவிடுவோம். முதல் பட்டியல் பொங்கலுக்கு முன் வரும்.