இழப்பீட்டுத் தொகை மட்டும் துணையாகாது

குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை நம் சட்டம் நெடுங்காலம் அரசுத் தரப்புச் சாட்சியாக மட்டுமே பார்த்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 357ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான், குற்றவாளி பிடிபடாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்ற நிலை வந்தது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2018இல் வகுத்த திட்டம், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை தரச் சொல்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால், அந்தத் தொகையில் 75 விழுக்காடு குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு வங்கி வைப்பில் போடப்படுகிறது. பணம் பாழாகாமல் இருக்க அந்த ஏற்பாடு சரிதான். அதே காரணத்தால், புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வரையிலான காலத்துக்கு அந்தப் பணத்தை நம்ப முடியாது. மருத்துவப் பரிசோதனைக்கு உடன் செல்வது, குற்றப்பத்திரிகையில் இருப்பதை விளக்குவது, ஊர்ப் பெரியவர்கள் ‘சமாதானம்’ பேச வரும்போது பக்கத்தில் நிற்பது ஆகியவற்றை வங்கி வைப்பு செய்யாது. மிரட்டலாலும் களைப்பாலும் சாட்சிகள் பிறழ்சாட்சிகளாவது இந்தக் காலத்தில்தான். ஆகவே இழப்பீட்டுக்கு நிதி ஒதுக்கியதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. உடன் நிற்கும் ஆட்களுக்கும் தொய்வில்லாமல் நிதி கிடைக்க வேண்டும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள், பாதிக்கப்பட்ட குழந்தைக்கு விசாரணை முழுவதும் துணையிருக்க ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்க வழி செய்கின்றன. அவரைத் தருவது அரசின் கடமை, விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயமல்ல என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருக்குத் தகுதிக்கும் வேலைக்கும் ஏற்ற ஊதியம் வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. இந்த இரண்டாவது பகுதிதான் எளிதில் மறக்கப்படுகிறது. 2013இல் 1,000 கோடி ரூபாயுடன் தொடங்கப்பட்ட நிர்பயா நிதியின் கதையும் இதையே காட்டுகிறது. முதல் சில ஆண்டுகள் அதில் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது. பிறகு கண்காணிப்பு கேமராக்களுக்கும் அவசர உதவி அழைப்பு அமைப்புக்கும் கணிசமாகப் போனது. கேமரா தேவைதான். ஆனால், அதை ஒருமுறை வாங்கிக் கணக்கை முடித்துவிடலாம். ஆலோசகருக்கோ மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். அதே நிதியில் 2015 முதல் நடக்கும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தற்காலிகமாக ஐந்து நாள் வரை தங்க இடம் தருகின்றன. ஒரு வழக்கோ ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

குற்றவாளிகளிடம் வசூலிக்கும் அபராதத்தில் இதை நடத்தலாமே, வரி செலுத்துவோர் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமாகத் தோன்றும் இந்த வழியை அமெரிக்கா நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திப் பார்த்திருக்கிறது. அங்கே 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் வசூலாகும் அபராதம் ஒரு தனி நிதியில் சேர்கிறது. அதிலிருந்து மாநிலங்களுக்கும், மாநிலங்கள் வழியாகக் காப்பகங்களுக்கும் ஆலோசனை மையங்களுக்கும் மானியம் போகிறது. நல்ல ஏற்பாடு, அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் பெரிய நிறுவனங்கள் மீதான வழக்குகள், தண்டனையில்லாமல் அரசுத் தரப்போடு செய்யும் உடன்பாடுகளாக முடியத் தொடங்கியபோது, அந்தப் பணம் இந்த நிதிக்கு வராமல் பொதுக் கருவூலத்துக்குப் போனது. 2021இல் சட்டத்தைத் திருத்தி ஓட்டையை அடைத்தார்கள். அப்படியும் 2018இல் சுமார் 440 கோடி டாலராக இருந்த ஆண்டுச் செலவு வரம்பு 2024இல் சுமார் 135 கோடியாகச் சுருங்கியது. பிற ஒதுக்கீடுகள் போக மிஞ்சுவதே சேவை மானியம் என்பதால், அடி அங்கேதான் பலமாக விழுந்தது. அபராத வசூல் குறைந்ததால் அடிபட்ட பெண்களின் தேவை குறைந்துவிடவில்லை. அபராதம் கூடுதல் வரவாக இருக்கட்டும். அடிப்படைச் செலவை நிதிநிலை அறிக்கைதான் தாங்க வேண்டும்.

தொண்டு நிறுவனங்களிடம் மானியம் போனால் வீணாகும் என்ற அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. போலிக் கணக்குகள் நடக்கவே செய்கின்றன. அதற்குத் தணிக்கை இருக்கிறது. எத்தனை கூட்டம் நடத்தினார்கள் என்று எண்ணுவதை விட்டு, எத்தனை வழக்குகளில் கடைசி வாய்தா வரை உடன் நின்றார்கள் என்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கணக்குக் கேட்கலாம். காவல் நிலையங்களிலேயே ஆள் பற்றாக்குறை இருக்க இது இப்போது தேவையா என்போருக்கும் ஒரு பதில் உண்டு. சாட்சி கூண்டில் உறுதியாக நின்றால்தான் போலீஸின் உழைப்புக்குப் பலன் கிடைக்கும். துணை இல்லாமல் பின்வாங்கும் ஒவ்வொரு சாட்சியோடும் புலனாய்வுக்குச் செலவிட்ட அரசுப் பணமும் சேர்ந்தே போகிறது.

தமிழக அரசு வரும் நிதிநிலை அறிக்கையில் ஆதரவு நபர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் தனிக் கணக்குத் தலைப்பு திறக்க வேண்டும். ஓராண்டு ஒப்பந்தமாக இல்லாமல், ஒரு வழக்கு முடியும் வரையாவது நீடிக்கும்படி குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து நிதி உறுதி செய்ய வேண்டும்.