புதிய கட்டம், பழைய ஜோசியம்

ஜாதகக் கட்டத்தைக் கண்டால் முகம் சுளிக்கிற பகுத்தறிவாளர் பலர், எக்செல் கட்டத்தின் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று ஒருவர் சொன்ன பிறகு எதிர்க்கேள்வி கேட்பது அநாகரிகம் என்றாகிவிட்டது. நான் கேட்கத்தான் போகிறேன்.

யந்திரத்தின் மீது எனக்குப் பகை இல்லை. பழைய கணக்கைக் கொடுத்தால், 'ஃபோர்காஸ்ட்' என்ற சூத்திரம் அந்தப் புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோடு போடும். கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வருகிற தொகை மிகக் குறைவாக இருக்கும்படி போட்டு, அதை நாளைவரை நீட்டும். பிரெஞ்சுக் கணித மேதை லெஜாந்தர் 1805-ல் அச்சிட்ட முறைதான் இது. 'குரோத்' என்பது வேறு. வட்டிக்கு வட்டி போல, ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில் பெருக்கிக்கொண்டே போகும்.

நம் தேசத்து ஜனத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-ல் 36 கோடி. 2011-ல் 121 கோடி. இடையிலுள்ள கணக்கெடுப்புகளையும் சேர்த்து ஏழு எண்களைக் கட்டங்களில் இட்டு, 2021-ல் எவ்வளவு என்று கேட்டேன். ஃபோர்காஸ்ட், சுமார் 131 கோடி என்றது. குரோத், 153 கோடி என்றது! அதே ஏழு எண்கள், அதே யந்திரம். வித்தியாசம் மட்டும் 22 கோடி. 2011-ல் இருந்த தமிழ்நாட்டைப் போல மூன்று தமிழ்நாடு! ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடோ 141 கோடியை ஒட்டி நிற்கிறது. இது போகட்டும், எண்ணி முடித்த 2011-க்கே அந்த நேர்கோடு 116 கோடி என்றுதான் சொல்கிறது.

இப்போது சொல்லுங்கள்: பலன் சொன்னது யந்திரமா, சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்த மனிதனா?

விகிதம் ஏன் பொய்த்தது? "இரண்டு போதும்" என்று வீட்டுக்கு வீடு பெண்கள் தீர்மானித்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள், தமிழ்நாட்டில் 1.8. அந்தத் தீர்மானத்தை எடுத்தவளுக்கு அட்டவணையில் இடமில்லை. ஆறு அத்தியாயம் அடங்கி நடந்தவள் ஏழாவதிலும் அப்படியே நடப்பாள் என்று எழுதுகிற கதாசிரியனை வாசகர்கள் மன்னிப்பதில்லை. சூத்திரத்தை மட்டும் ஏன் மன்னிக்க வேண்டும்?

இது வெறும் பண்டிதச் சண்டை அல்ல. 2013-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மலிவு தானியம் பெறுவோர் சுமார் 81 கோடி என்ற வரம்பு, 2011-ம் ஆண்டுக் கணக்கிலிருந்து வந்தது. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு, கொரோனாவால் அந்த ஆண்டில் நடக்கவில்லை. வரம்புக்கு வெளியே நிற்கிற ஏழைக்கு 131-ம் 153-ம் எண்கள் அல்ல. உலையில் விழ வேண்டிய அரிசி.

மதிப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விதை வாங்குகிற விவசாயிகூட மழையை மதிப்பிடுகிறான். ஆனால், எந்தச் சூத்திரம், ஏன் அந்தச் சூத்திரம், எவ்வளவு தப்பலாம் என்பதை எழுதி, தேர்ந்தெடுத்தவர் அடியில் கையெழுத்துப் போடட்டும். ஆளை எண்ண முடிகிற இடத்தில் ஆளைப் போய் எண்ணட்டும். ஜோசியர் தம் வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார். பலன் தப்பினால் போய்க் கேட்கலாம். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவரை எந்த வாசலில் போய்க் கேட்பது?