வாத்தியக்காரர் வயிறும் பஞ்சாங்கமும்

2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி, அதாவது பங்குனி 12-ந் தேதி, இந்தியா முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. பஞ்சாலை நின்றது, பனியன் கம்பெனி நின்றது, பஸ் நின்றது என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஆனால், கோயமுத்தூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் பக்கங்களில் உள்ள நாதசுரக்காரர், தவில்காரர், பறையடிப்பவர், பம்பை உடுக்கைக்காரர் ஆகியவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று விசாரித்தவர்கள் வெகு சொற்பமேயாகும். கொரோனா போய் வருஷங்கள் ஆகிவிட்டபடியால் இப்போது அதைப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். அடுத்த சங்கடம் வந்த பிறகு பேசி என்ன பிரயோஜனம் என்பதே நமது பதில்.

இவர்களுடைய பிழைப்பு எப்படிப்பட்டது என்பதைப் பார்ப்போம். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களில் இராப்பகலாக ஊர் ஊராய்ப் போய் வாசித்துச் சம்பாதித்தால்தான் மற்ற மாதங்களில் வாங்கிய கடனைக் கட்டலாம். அந்த மூன்று மாதமும் 2020-இல் அடியோடு போய்விட்டது. பண்ணாரிக் குண்டம் முதல் சிற்றூர் மாரியம்மன் கம்பம் வரையில் எல்லாம் நின்றது. கல்யாணத்திற்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்று சர்க்கார் உத்தரவு போட்டார்கள். மேளக் கோஷ்டி என்றால் நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதி என்று ஆறு பேராவது வேண்டும். அந்த ஆறு பேரை உள்ளே விட்டால் சம்பந்தி வீட்டில் ஆறு பேரை வெளியே நிறுத்தியாக வேண்டும். யாரை நிறுத்தியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? வாங்கின அச்சாரத்தையும் திருப்பிக் கேட்டவர்கள் உண்டு. 2021-இல் நிலைமை தெளியும் என்று நம்பியிருக்கையில் ஏப்ரல் 10-ந் தேதி முதல் திருவிழாக்களுக்குத் தடையும், மே 10-ந் தேதி முதல் மறுபடி முழு ஊரடங்கும் வந்து இரண்டாவது சித்திரையையும் விழுங்கிவிட்டன.

“சாமிக்கு வாசிக்கிறோம், சாமி கைவிடாது” என்று நம்பியிருந்தவர்கள் இவர்கள். சாமியோ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டது. கோயில் மூடியிருந்தாலும் உள்ளே பூசை நிற்கவில்லை. அர்ச்சகர் போனார், நைவேத்தியம் போயிற்று. மேளக்காரருக்கு மாத்திரம் பல கோயில்களில் வேலை இல்லை. ஏனெனில் அங்கே மோட்டார் வைத்த மேளமும் மணியும் முன்பே வந்து மாட்டப்பட்டிருந்தன. மோட்டார் மேளமே சாமிக்குப் போதுமென்றால் மோட்டார் மந்திரம் ஏன் போதவில்லை என்பதைப் பக்தர்கள்தான் சொல்லவேண்டும்.

நிற்க, வாத்தியக்காரருக்கு ஊரடங்கு கொரோனாவால் மாத்திரம் வந்ததல்ல; பஞ்சாங்கத்தால் வருஷா வருஷம் வருகிறது. ஆடியில் கல்யாணம் கூடாது, மார்கழியில் கூடாது, புரட்டாசியில் பெரும்பாலோர் செய்வதில்லை. ஆடியில் அம்மன் திருவிழா இருப்பதால் பம்பைக்காரருக்காவது கொஞ்சம் வேலை கிடைக்கும். கல்யாணத்தையே நம்பியிருக்கிற நாதசுரக்காரருக்கு அதுவும் இல்லை. மீதி மாதங்களிலும் முகூர்த்த நாள் என்று சிலவற்றைத்தான் குறித்துக் கொடுக்கிறார்கள். அந்த ஒரே நாளில் ஊரில் உள்ள எல்லா மண்டபத்திலும் மேளம் வேண்டும். ஒரு கோஷ்டி ஒரே காலையில் நாலு மண்டபத்தில் வாசிக்க முடியுமா? அன்று மூன்று கிராக்கியை விட்டுவிட்டு, மறுநாள் முதல் பத்து நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு ஆலையில் முதலாளி இப்படி வேலை கொடுத்தால் தொழிலாளி கொடி பிடிக்கமாட்டானா? பஞ்சாங்கம் கொடுத்தால் மாத்திரம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான்.

இந்த இடத்தில் நமது தோழர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. புரோகிதன் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-இல் சட்டமே ஆகிவிட்டது. ராகு காலமும் ஆடியும் நமக்கு இல்லை. அப்படியிருக்க நமது திருமணங்களில் சிக்கனம் என்ற பெயரால் மேளத்தை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போடுவது என்ன நியாயம்? போட்டோவுக்கும் பந்திக்கும் சிக்கனம் பார்க்கிறோமா? புரோகிதனை வேண்டாம் என்றோமே ஒழிய நாதசுரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலர் கேரளத்திலிருந்து செண்டை மேளம் கொண்டுவருகிறார்கள். செண்டைக்காரர் மீது நமக்கு விரோதமில்லை; அவரும் வயிற்றுக்குத்தான் அடிக்கிறார். ஆனால் தெருக்கோடியில் இருக்கிற தவில்காரர் கண்ணில் படுவதில்லையே என்பதுதான் நம் வருத்தம்.

“முன்காலத்தில் ஊரே அவர்களுக்குத் தானியம் அளந்து காப்பாற்றிற்று” என்று ஒரு பழம்பெருமை பேசுகிறார்கள். அந்தத் தானியத்தோடு கூடவே வாசலுக்கு வெளியே நில், துண்டை இடுப்பில் கட்டு என்பதும் அளக்கப்பட்டது. பறையடிப்பவர் கூப்பிட்ட சாவுக்கெல்லாம் போயாக வேண்டும், கூலி கேட்கக் கூடாது என்பதற்குக் காப்பாற்றுவது என்று பெயரா? அந்த ஏற்பாடு திரும்ப வேண்டாம். கிராப்பும் ஷெர்வானியுமாய் மேடையில் உட்கார்ந்து நாதசுரத்திற்கு மரியாதை தேடிக்கொண்ட திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை யாருடைய தானியத்தையும் எதிர்பார்க்கவில்லை. நல்ல கூலி பேசி வாங்கினார்.

2020-இல் சர்க்கார், நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு முதலில் ஆளுக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். வாரியம் 2007-இல் ஏற்பட்டும், அட்டை இல்லாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அதுவும் இல்லை. பாடகர் டி. எம். கிருஷ்ணா போன்றவர்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள், அது பாராட்டத்தக்கதே. ஆனால் வசூல் செய்து தீருகிற பசியல்ல இது. அமெரிக்காவில் 1935-இல் வியாபார மந்தத்தின்போது சர்க்காரே சங்கீதத் திட்டம் ஒன்று ஏற்படுத்தி, வேலையற்ற வாத்தியக்காரர் ஆயிரக்கணக்கானவர்களைச் சம்பளத்திற்கு வைத்துக் கச்சேரி செய்யவும், ஜனங்களுக்கு இலவசமாய்க் கற்றுக்கொடுக்கவும் சொன்னார்கள். தர்மமாகக் கொடுக்கவில்லை, வேலையாகக் கொடுத்தார்கள். ஜெர்மனியில் 1983 முதல் கலைஞரின் வைத்தியத்திற்கும் பென்ஷனுக்கும் பாதிப் பணம் அவர் கட்டுகிறார். மீதியைக் கலையை வைத்துத் தொழில் செய்கிறவர்களும் சர்க்காரும் கட்டுகிறார்கள்.

இங்கே முடியாதா? கட்டடம் கட்டுகிறவர்களிடம் செலவில் நூற்றுக்கு ஒன்று வசூலித்துத்தான் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் நடக்கிறது. அதுபோலக் கல்யாண மண்டப வாடகையில் நூற்றுக்கு ஒன்று கலைஞர் வாரியத்திற்கு வாங்கினால் மண்டப முதலாளி ஓட்டாண்டியாகிவிட மாட்டார். ஈரோடு முதலிய 17 ஊர்களில் சர்க்கார் இசைப்பள்ளிகள் இருக்கின்றன. கோயமுத்தூரை அடுத்த மலுமிச்சம்பட்டியில் இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கே எந்த ஜாதிப் பிள்ளையும் நாதசுரமும் தவிலும் படிக்கலாம். ஆனால் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் பாட்டு வாத்தியார் எங்கே? ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் பறையோ, தவிலோ, நாதசுரமோ தெரிந்த ஒருவரை மாதச் சம்பளத்தில் போட்டால், கோயில் மூடினாலும் அவர் அடுப்பு மூடாது.

சர்க்கார் செய்கிறபோது செய்யட்டும். வாத்தியக்காரத் தோழர்கள் வாரிய அட்டையை இன்றே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அச்சாரம் வாங்கும்போது, எக்காரணத்தால் நின்றாலும் அச்சாரம் திரும்பாது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஊருக்கு ஒருவராய்ப் பேரம் பேசாமல் தாலுகாவுக்கு ஒரு சங்கமாகக் கூடிக் கூலியை நிர்ணயிக்க வேண்டும்.

வருகிற ஆடியில் திருமணம் வைத்திருக்கும் நமது தோழர்கள், மேளத்திற்கு இப்போதே உள்ளூர்க் கோஷ்டிக்கு அச்சாரம் கொடுத்துவிடவும். ஆடிதானே என்று கூலியைக் குறைத்துப் பேச வேண்டாம்.