ஒற்றை நாற்று நடவும் நடவாட்களும்

நெல் விளைவு பெருக நல்விதையும் எருவும் நீருமே வேண்டுமென்பது நம்மிற் பலர் கொண்ட கருத்து. நடவோ, எவர் எங்ஙனம் நட்டாலும் ஒன்றேயெனக் கருதப்படுகின்றது. இக்கருத்துப் பொருந்தாதென்பதே நாம் ஈண்டுக் கூறப்புகுவது.

நம் நாட்டு வழக்கில், 25 அல்லது 30 நாள் முதிர்ந்த நாற்றைப் பிடுங்கி முடியாகக் கட்டி, குத்துக்கு மூன்று நான்காகச் சேற்றில் ஊன்றுவர். ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேற்பட்ட விதை இதற்கு வேண்டும். நெருங்கி நின்ற பயிர்கள் ஒன்றன் உணவை மற்றொன்று கவர்தலால் தூர் கட்டுதல் குறைகின்றது.

1961இல் மடகாஸ்கர் தீவிற்குச் சென்ற ஹென்றி த லொலானியே என்னும் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு, உழவரோடு பல்லாண்டு வயலில் நின்று கண்டவற்றை ஒரு முறையாக வகுத்தார். 1983இல் 15 நாளே சென்ற நாற்றை நட நேர்ந்தபோது, அது கிளைத்த வகை கண்டு அவரும் வியந்தனர். அம்முறையே தமிழகத்தில் திருந்திய நெல் சாகுபடி என வழங்குகின்றது. ஏக்கருக்கு 2 அல்லது 3 கிலோ விதை போதும். 14 நாளுக்கு மேற்படாத நாற்றை, வேர்மண் உதிராமல் எடுத்து, 25 சென்டிமீட்டர், அஃதாவது ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியில், குத்துக்கு ஒன்றாக, ஆழம் புகாமல் நடல்வேண்டும். இளமையிலேயே இடம் பெயர்ந்த பயிர் விரைந்து வேரூன்றித் தூர் பல கட்டும். நீரை ஓயாது தேக்காமல், மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்டபின் பாய்ச்சுதலால் வேருக்குக் காற்றுங் கிடைக்கின்றது. ஒற்றை நாற்று நமக்கு முற்றிலும் புதியதுமன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாண வேளாண்மைத் துறையார் அதனை அறிவுறுத்தினர்.

அங்ஙனமாயின் உழவரனைவரும் இதனைக் கைக்கொள்ளாதது என்னை? வயலினின்று வயலுக்கு நீர் பாயும் ஆற்றுப் பாசன நிலத்தில் ஒருவர் தம் வயலை மட்டும் காயவிடல் அரிது. இது மெய்யே. ஆயினும் பெருந்தடை பிறிதொன்றெனத் துணிகின்றோம். நடுவோர் பெரும்பாலும் கூலிப் பெண்டிர். பல ஊர்களில் அவர்தம் கூலி ஏக்கர்க் கணக்கிற் பேசப்படுகின்றது. விரைந்து நட்டாலன்றி அன்றைய கூலி நிறையாது. புல்லினும் மெல்லிய இளநாற்றைக் கயிற்றின் குறி பார்த்து ஒவ்வொன்றாக ஊன்றும் வினையோ, கை பழகுமளவும் மெல்லவே நடக்கும். தாமதத்தின் இழப்பு அப்பெண்டிர்க்கு; மிகும் நெல் நிலமுடையார்க்கு. இந்நிலையில், பழைய வழக்கை விடாத அவரை அறியாமையுடையோரெனப் பழித்தல் நேர்மையன்று. உருளுங் களைக்கருவி வந்தவிடத்துக் களையெடுப்பும் ஆடவர் கைக்கு மாறுதலுண்டு. அதனாற் பெண்டிர் இழக்கும் நாட்கூலியை எண்ணுவார் எத்துணையர்?

ஆதலின், பயிற்சிக்கு நிலமுடையாரை மட்டும் அழைத்தல் போதாது. சேற்றிற் குனிந்து நடுவோரையே அழைத்து, பயிலும் நாளுக்குங் கூலி தருதல் வேண்டும். முதலிரு பருவங்களிலேனும் நடவுக்கூலி நாட்கணக்கிற் பேசப்படுக. நம் கல்லூரி மாணவருள் நன்செய் உடைய குடும்பத்தினர் சிலருளர். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் அவர் தம் தந்தையாரிடம் இதனை எடுத்துரைப்பாராக. செலவு மிகுமென அவர் மறுப்பின், ஏக்கருக்கு மிஞ்சும் 17 கிலோ விதையின் விலையை முதலிற் கணக்கிட்டுக் காட்டலாம்.