ஏழு கிணறும் ஒரு வாளியும்

உங்க ஊர்ல வெயில் எப்படி? எங்க பெரம்பலூர்ல மே மாசம் மொட்டை மாடி டேங்க் தண்ணியில டீத்தூள் போட்டாலே போதும், டீ ரெடி. அப்படிப்பட்ட ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு இந்த வாரம் வெந்நீர்க் குளியல் பத்தி எழுதறேன். திட்டாம படிங்க, காரணம் இருக்கு.

ஆரம்பிச்சு வெச்சது நான்தான். இத்தாலியில பதுவா நகரம் பக்கத்துல அபானோன்னு ஒரு ஊர். அங்கே பூமிக்குள்ள இருந்து கிட்டத்தட்ட 80 டிகிரி சூட்டுல தண்ணி வருது. அதை ஆறவெச்சுக் குளிக்கறாங்க. அதே தண்ணியில வாரக்கணக்கா ஊறின சேத்தை முட்டியில பூசிக்கிட்டுப் படுத்துக்கறாங்க. டாக்டர் சீட்டு எழுதிட்டா செலவுல பெரும்பங்கு அரசாங்க மருத்துவத் திட்டத்தோடது! இதை என் க்ளாஸ்மேட்கிட்ட அளந்துக்கிட்டு இருந்தேன். இடம், அவன் வீட்டு வாசல். துறைமங்கலம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் (2021 வரைக்கும் 'அகதிகள் முகாம்').

உள்ளே இருந்து அவனோட அம்மம்மா குரல் வந்துச்சு. "ஏன் தம்பி இத்தாலிக்குப் போறியள்? எங்கட கன்னியா இருக்கெல்லோ!"

திருகோணமலையில இருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு கன்னியா. பக்கத்துப் பக்கத்துல ஏழு சின்னக் கிணறு. சதுரமா கட்டியிருக்கும், ஆழம் கிடையாது, எட்டிப் பார்த்தா தரை தெரியும். "இறங்கிக் குளிக்கேலாது. வாளியால அள்ளித் தலையில ஊத்தவேணும். ஒவ்வொரு கிணத்துக்கும் ஒவ்வொரு சூடு. ஊத்தி முடிச்சா முழங்கால் நோ எங்க போனதெண்டே தெரியாது"ன்னு முட்டியைத் தடவிக்கிட்டே சொன்னாங்க. ராவணன் தன் தாய்க்குக் கடைசிக் கடன் செய்யத் தண்ணி வேணும்னு வாளால ஏழு இடத்துல குத்தினானாம். அப்ப வந்த ஊத்தாம்!

எனக்கு உடனே இன்ஜினீயர் புத்தி. இலங்கையில எரிமலை எதுவும் கிடையாது. அப்புறம் எப்படிச் சூடு? மேட்டர் சிம்பிள். பூமிக்குள்ள ஒரு கிலோமீட்டர் இறங்கினா சுமார் 25, 30 டிகிரி சூடு ஏறும். மழைத்தண்ணி பாறை வெடிப்பு வழியா ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, ஆறிப்போறதுக்குள்ள வேற வெடிப்பு வழியா மேல வந்துட்டா அதுதான் வெந்நீர் ஊற்று. எங்க ஊருக்குக் கீழேயும் சூடு இருக்கு மக்களே, லிஃப்ட் வசதிதான் இல்லை. அரியலூர்ல கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல் கிடந்ததுக்கு சாட்சியா சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சல் படிமமும் கிடைக்குது. லாடபுரம் பக்கம் மயிலூத்து அருவியில மழைக்காலத்துல ஜில்லுனு தண்ணி விழுது. வெந்நீர் மட்டும் மிஸ்ஸிங்.

இதையெல்லாம் கெத்தா சொல்லி முடிச்சேன். அம்மம்மா பொறுமையா கேட்டாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, கன்னியா வெறும் முழங்காலுக்கு இல்லையாம். செத்தவங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யற இடமாம். 1990-ல சண்டைக்கு நடுவுல அவங்க வீட்டுக்காரர் இறந்துட்டாங்க. "இருபத்தெட்டாம் நாள் படகில ஏறிட்டம், தம்பி. மூண்டு நாள்தான் மிச்சம்."

நான் வாயை மூடிக்கிட்டேன்.

நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்ட்ல மறுபடி கப்பல் விட்டாங்க. அங்கே இறங்கினா திருகோணமலைக்கு ரோட்டு வழியாவே போயிடலாம். பாஸ்போர்ட் எடுத்தா நானும் நீங்களும் போயிட்டு வந்துடலாம். என் க்ளாஸ்மேட் பெரம்பலூர்லதான் பொறந்தான், என்னோடதான் சப்ளிமென்டரி எழுதறான். ஆனா இந்தியக் குடியுரிமை இல்லை. அதனால இந்திய பாஸ்போர்ட்டும் இல்லை. அங்கே போகணும்னா அதுக்குத் தனி மனு, தனி அலைச்சல். போனா திரும்பி வந்து டிகிரி முடிக்க முடியுமாங்கறது அவனோட பயம். அதுக்கு என்கிட்ட ஃபார்முலா இல்லை.

போன்ல கன்னியா படத்தைத் தேடி எடுத்தோம். கூடவே 2019 ஜூலை செய்தியும் வந்துச்சு. பிள்ளையார் கோயில் இருந்த இடத்துல புத்த விகாரை கட்டப் போறாங்கன்னு தமிழர்கள் அங்கே போராடி, திருகோணமலை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட செய்தி. அதை அவன் விரலால சட்டுனு தள்ளிவிட்டுட்டான்.

அம்மம்மா போனை வாங்கி, கண்ணாடியை மேல தூக்கிக்கிட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினாங்க. ஏழும் இருந்துச்சு.

"வாளி எங்க?"ன்னு கேட்டாங்க.

படத்தைப் பெருசாக்கிக் காட்டினான். ஓரமா ஈரத்தலையோட நின்ன ஒரு சின்னப் பையன் கையில இருந்துச்சு.