ஒரிஜினல் பைத்தியங்களும் ஒரு சீட் பெல்ட்டும்

போன பொங்கல் லீவுல ஒரு பழைய கார் அணிவகுப்புக்கு என் பியட்டை எடுத்துட்டுப் போயிருந்தேன். 1968 மாடல் பியட் 1100 டிலைட். அப்பா வாங்கின வண்டி. பத்து வருஷமா ஷெட்டுல கோழி அடைஞ்சு கிடந்ததை மூணு வருஷம் செலவு பண்ணி எழுப்பி நிறுத்தியிருக்கேன். எவ்வளவு செலவுன்னு வீட்டுல கேட்டாங்க, சொல்லலை. உங்களுக்கும் சொல்லப்போறதில்லை.

நடுவர் வந்தார். கையில பேடு, பேனா. பானெட்டைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். ஸ்டியரிங்ல இருக்கற கியர் கம்பியை ஆட்டிப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். பம்பர் குரோமுல தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரி பண்ணிக்கிட்டார். அப்புறம் கதவைத் திறந்து தலையை உள்ள விட்டவர் பாம்பைப் பார்த்த மாதிரி பின்வாங்கினார்.

"சார், எல்லாம் சூப்பர். ஆனா இது என்ன? டிலைட்ல ஏது சார் சீட் பெல்ட்டு? ஒரிஜினாலிட்டில மார்க்கைக் குறைச்சே ஆகணும். ஏன் சார் இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்க?"

கெடுத்து வச்சிருக்கேனாம்!

பக்கத்துல நின்ன காருக்குக் கப்பு கிடைச்சது. நல்ல கார்தான், மறுக்கலை. ஆனா அதுல ரேடியல் டயர், ஹாலோஜன் பல்பு, டைனமோ இருந்த இடத்துல ஆல்டர்னேட்டர், டேஷ்போர்டுக்கு அடியில புளூடூத் ரேடியோ. பெயின்ட் இந்தக் கால டூ-கே பெயின்ட், கண்ணாடி மாதிரி மினுங்குது. அந்தக் காலத்துல கம்பெனியில இருந்து எந்தக் காராவது இப்படி மினுங்கிக்கிட்டா வந்துச்சு? அதெல்லாம் ஒரிஜினாலிட்டியைக் கெடுக்கலை. மனுஷன் உசிரைக் காப்பாத்தற இரண்டு அங்குல நாடா மட்டும் கெடுத்துடுச்சு. கப்பு கிடைக்காத வயித்தெரிச்சல்ல எழுதறேன்னு நினைச்சா நினைச்சுக்குங்க. கொஞ்சம் அதுவும்தான் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். "அந்தக் காலத்துல பெல்ட் கிடையாது"ங்கறதுதான் இவங்களோட பிரம்மாஸ்திரம். அதுவே தப்பு. இப்ப நாம போடற மூணு முனை பெல்ட்டை வால்வோ தன் கார்கள்ல போட்டு விக்க ஆரம்பிச்சது 1959-ல. வடிவமைச்சவர் நில்ஸ் போலின். அதுக்கு முன்னாடி சாப் விமானக் கம்பெனியில, ஆபத்துன்னா பைலட்டைச் சீட்டோட வெளிய தூக்கி எறியற அமைப்புல வேலை பார்த்தவர். அந்தக் காப்புரிமையை எந்தக் கார் கம்பெனியும் பயன்படுத்திக்கலாம்னு வால்வோ திறந்து விட்டுடுச்சு. நம்ம ஊர்ல டிலைட் வந்தது 1964-ல. அதாவது இந்தக் காரை விட அந்தப் பெல்ட்டுக்கு அஞ்சு வயசு ஜாஸ்தி. 1968-ம் வருஷ மாடல்ல இருந்து அமெரிக்காவுல முன் சீட் பெல்ட் இல்லாம கார் விக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. என் கார் குர்லாவுல பிரீமியர் ஃபேக்டரியை விட்டு வந்த அதே வருஷம்! நமக்கு அதைக் கொடுக்கலை, அவ்வளவுதான். நமக்கு மிச்சம் பிடிச்சதை 'மரபு'ன்னு இவங்க கும்பிடறாங்க.

நம்ம நாட்டுல முன் சீட்டுக்குப் பெல்ட் வச்சுத்தான் காரை விக்கணும்னு விதி வந்தது 1994-ல. அதுக்கு முந்தின கார்களுக்குக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லைன்னா தடைன்னு அர்த்தமா? இன்னொருத்தர் அங்கயே எனக்குச் சட்டம் எடுத்தார். 2021-ல வந்த வின்டேஜ் வண்டி விதியில சேஸ், பாடி, என்ஜினைப் பெரிய அளவுல மாத்தக்கூடாதுன்னு இருக்காம். இருக்கு, நானும் படிச்சேன். பில்லருக்குள்ள உள்ளங்கை அகலத்துல ஒரு தகடு வச்சு வெல்டு பண்றது எந்த ஊர்ல பெரிய மாற்றம்? துருப்பிடிச்ச தரையையே பாதி வெட்டி எறிஞ்சுட்டுப் புதுத் தகரம் போட்டவங்கதான் எல்லாரும். அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கறதில்லை.

அடுத்தது, "நாங்கதான் மெதுவாப் போறோமே".

1979-ல பழனிக்குப் போயிட்டிருந்தோம். இதே கார். அப்பா ஓட்டறார், இடது பக்கம் அம்மா. முன்னாடி இரண்டு சீட்டும் ஒட்டி பெஞ்சு மாதிரிதான் இருக்கும், நடுவுல என் தங்கச்சி நின்னுக்கிட்டு வர்றா. ஆறு வயசு. நான் பின்னாடி. உடுமலை தாண்டி ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க வந்துச்சு. அப்பா பிரேக்கை மிதிச்சார். வேகம் முப்பது, முப்பத்தஞ்சுதான் இருக்கும், அவர் அதுக்கு மேல போனதே இல்லை. வழக்கம் போல இடது கையை நீட்டி அவளை மறிச்சார். அந்தக் காலத்து அப்பாக்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச பெல்ட் அதுதானே. பிள்ளை கைக்கு அடியில நழுவி டேஷ்போர்டுல மோதினா. டேஷ்போர்டு முழுக்க இரும்பு, மெத்தை கித்தை எதுவும் கிடையாது. தாடையில நாலு தையல், முன்பல் இரண்டு போச்சு. ஆட்டுக்குட்டிக்கு ஒண்ணும் ஆகலை. கார் எதுலயும் மோதவே இல்லைங்கறதைக் கவனிங்க. வெறும் பிரேக்குக்கே இந்தக் கதி.

அப்பா அந்தக் கையை ரொம்ப நாள் பார்த்துக்கிட்டே இருப்பார். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் நீட்டியிருந்தா பிடிச்சிருக்கலாம்னு சாகற வரைக்கும் நினைச்சார். நிஜமாவே மோதியிருந்தா பிடிச்சிருக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 கிலோ பிள்ளை, 40 கிலோமீட்டர் வேகம், ஒரு அடி தூரத்துக்குள்ள நிக்கணும். ஏறக்குறைய 300 கிலோ மூட்டையை ஒத்தைக் கையில நிறுத்தற மாதிரி. எந்த அப்பாவாலும் முடியாது. இந்தக் கணக்கு அவர் இருக்கும்போதே தெரிஞ்சிருந்தா உட்கார வச்சுச் சொல்லியிருப்பேன்.

மார்க் குறைச்ச கதையை தங்கச்சிகிட்ட ஃபோன்ல சொன்னேன். "ஏண்ணா, என் பல்லு ரெண்டும்கூட ஒரிஜினலாத்தான் இருந்துச்சு, அதுக்கு மார்க் உண்டான்னு கேட்டியா?"ன்னா. அவளுக்கு இப்போ நாலு வயசுல பேரன் இருக்கான். அவனுக்கு இந்தக் கார்னா உசுரு. பெல்ட் மாட்டாம அவனை ஏத்த மாட்டேன்னு சொன்னது அவ இல்லை, நான்.

"பழைய காருக்குப் பெல்ட் போட்டு என்ன பிரயோஜனம், மோதினா மொத்தமாப் போயிடும்"னு இன்னொரு கோஷ்டி சொல்லும். இதுல பாதி உண்மை. ஸ்டியரிங் தண்டு ஈட்டி மாதிரி நேரா நெஞ்சைப் பார்த்து நிக்குது, தலைக்குப் பின்னாடி தாங்கல் இல்லை, நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். பெல்ட் இதையெல்லாம் மாத்தாது. ஆனா அந்த ஈட்டி மேல ஆள் போய் விழறதை முடிஞ்ச மட்டும் தடுக்கறது எது? கதவு திறந்து ஆள் ரோட்டுல போய் விழறதைத் தடுக்கறது எது? 2022 செப்டம்பர்ல பால்கர் பக்கம் சைரஸ் மிஸ்திரி இறந்தது மெர்சிடிஸ் பென்ஸ்ல. அதுல இல்லாத பாதுகாப்பா? பின் சீட்டுல பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னது.

இதுவரைக்கும் பெல்ட் வேணாம்ங்கறவங்களைத் திட்டினேன். இப்போ பெல்ட் மாட்டித் தர்றோம்னு சொல்றவங்களையும் திட்டணும். எனக்கு இவங்க மேலதான் கோபம் ஜாஸ்தி.

காரை முதல்ல ஒரு பட்டறையில விட்டிருந்தேன். பேர் வேணாம். டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் அருமையான வேலை. பெல்ட்டும் மாட்டிக் கொடுத்தாங்க. கறுப்பு நாடா, பளபளன்னு பக்கிள், பார்க்க ஜோரா இருந்துச்சு. எதுக்கும் பார்ப்போமேன்னு அடியில குனிஞ்சு பார்த்தா, தரைத் தகரத்துல ஓட்டை போட்டு சாதா 8 எம்.எம். போல்ட், எட்டணா சைஸுல ஒரு வாஷர், மேல கறுப்பு அண்டர்கோட்டிங். அவ்வளவுதான். டிங்கர்கிட்ட கேட்டேன். "அட விடுங்கண்ணா, இதையெல்லாம் யாரு குனிஞ்சு பாக்கறாங்க. போலீஸ்காரனுக்குக் கண்ணுல தெரிஞ்சாப் போதுமுங்க"ன்னார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்குப் பெல்ட்டுங்கறது போலீஸ்காரனுக்குக் காட்டற சாமான்.

நண்பரோட லேத் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனேன். மேல தொங்கற செயின் பிளாக்ல அந்தப் பெல்ட்டை மாட்டி மெதுவா இழுத்தோம். கார் மொத்தமே 900 கிலோவுக்குப் பக்கத்துலதான் இருக்கும். ஒரு பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பறதுக்கு முன்னாடியே படார்னு சத்தம். போல்ட்டும் வாஷரும் அப்பளத்தைப் பிச்ச மாதிரி தகரத்தைப் பிச்சுக்கிட்டுக் கையில வந்துடுச்சு.

எவ்வளவு தாங்கணும் தெரியுமா? 70 கிலோ ஆள் 50 கிலோமீட்டர் வேகத்துல போய் அரை மீட்டருக்குள்ள நின்னா, பெல்ட் மேல சராசரியா விழற விசை 13,500 நியூட்டன். கிட்டத்தட்ட 1,370 கிலோ எடை. பெல்ட் மாட்டற முனைகளுக்குன்னே ஐ.நா.வோட 14-ம் எண் விதி இருக்கு. அதுல தோள் பக்கம் 13,500 நியூட்டன், இடுப்புப் பக்கம் இன்னொரு 13,500, இரண்டையும் ஒரே நேரத்துல இழுத்துச் சோதிக்கறாங்க. நம்ம தரைத் தகரத்தோட தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்துல. அதுலயும் ஐம்பது வருஷத்துத் துரு. பம்பர் குரோமுக்கு 38,000 ரூபாய் கொடுத்தவன் நான், இந்த இடத்துல ஒரு தகடு போட இருநூறு ரூபாய் செலவு பண்ண ஆள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடம் பாருங்க.

அப்புறம் எல்லாத்தையும் கழட்டித் திரும்பச் செஞ்சோம். துருப்பிடிச்சதை நல்ல இரும்பு தெரியற வரைக்கும் வெட்டி எடுத்து, 3 மில்லிமீட்டர் தகட்டுல பெல்ட்டுக்குன்னே உள்ள நட்டை வெல்டு பண்ணி, தகட்டைச் சுத்திலும் பற்ற வச்சோம். மூலைகளை உருட்டி விட்டோம், இல்லாட்டி அந்த மூலையே தகரத்தைக் கிழிக்கும். போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, பெல்ட்டுக்குன்னு வர்ற உறுதியான போல்ட். ஹார்டுவேர் கடையில கிடைக்கற ஏதோ ஒண்ணு இல்லை. மேல் முனை பில்லர்ல தோள் உயரத்துக்குச் சமமாவோ கொஞ்சம் மேலயோ வரணும். கீழ வச்சா மோதும்போது பெல்ட்டே முதுகெலும்பை அழுத்தும். இடுப்பு நாடா இடுப்பெலும்பு மேல படியணும், வயித்து மேல ஏறினா உள்ள குடல்தான். ரீலை எந்தக் கோணத்துல வைக்கச் சொல்லியிருக்காங்களோ அதே கோணம். இங்கதான் மூணு நாள் மல்லுக்கட்டினோம். கொஞ்சம் சாய்ஞ்சாலும் உள்ள இருக்கற பூட்டு பிடிச்சுக்கிட்டு நாடா வெளிய வராது. பழைய இரும்புக் கடையில சல்லிசாக் கிடைக்குதேன்னு அடிபட்ட காரோட பெல்ட்டை மட்டும் வாங்கிடாதீங்க. ஒரு தடவை இழுவை வாங்கின நாடா அத்தோட முடிஞ்சது, பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும்.

முன்னாடி இரண்டு, பின்னாடி இரண்டு. பின்னாடியும் மூணு முனைதான், பேரனோட சீட்டுக்கு அது வேணும். திரும்பவும் அதே செயின் பிளாக்ல மாட்டி இழுத்தோம். இந்தத் தடவை சக்கரம் எழும்பிச்சு, போல்ட் அசையலை. ஐ.நா. சோதனைக்கு இது பக்கத்துலகூட வராதுன்னு தெரியும். ஆனா முதல்ல போட்டது இதுக்கே தாங்கலையே. ஓட்டைகளுக்கு மேல ரெக்ஸின் வந்துடுது, வெளிய தெரியறது நாடா மட்டும்தான். அதைத்தான் நடுவர் கண்டுபிடிச்சார். நாலு வாரம் வேலை செஞ்ச அந்தத் தகடுகளைப் பார்க்கக் காருக்கு அடியில அவர் குனியவே இல்லை.

முதல்ல பிச்சுக்கிட்டு வந்ததே அந்தத் தகரம், போல்ட், வாஷர், எல்லாத்தையும் ஒரு துணிப்பையில போட்டு டிக்கியில வச்சிருக்கேன். அடுத்த பொங்கலுக்கும் அணிவகுப்பு உண்டுன்னு சொல்லியிருக்காங்க. பேடும் பேனாவுமா அவர் வந்தா, பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி டிக்கியைத்தான் திறப்பேன்.